எட்டு மணி நேரம், ஒரு சொட்டு இல்லாமல்

1988 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கிள்ளான் மேரு ரோட்டு வீட்டில் இருந்தவர்கள்:

வேலாயுதம். பஸ் டிரைவர், கிள்ளான் – கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ். என் அக்காவின் கணவர். அன்று சோதிக்கப்பட இருந்தது அவருடைய மூத்திரம்.

பவுனம்மாள். என் அக்கா.

தம்புசாமி. பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர். கம்பெனி தரப்பு சாட்சி. ஞாயிற்றுக்கிழமையிலும் வெள்ளைக் கால்சட்டை.

சின்னையா. யூனியன் கிளைச் செயலாளர். டிரைவர் தரப்பு சாட்சி. கையில் ஒரு காகிதப் பை, அதற்குள் ஆறு போத்தல் ஸ்டவுட், கறுப்பு பீர்.

நான், வாசு. மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். மருத்துவப் பரிசோதனைக்கூட உதவியாளர் படிப்பில் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தவன். ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே வந்திருந்தேன். கையெல்லாம் ரப்பர் பால் வாடை.

வேலாயுதம் மாமாவுக்குப் பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்ட முடியவில்லை. ஒரு மணி நேர ஓட்டம். பஸ்ஸின் நெற்றியில் எக்ஸ்பிரஸ் என்று பலகை வேறு. அதற்குள் மூன்று முறை ஹைவே ஓரம் நிறுத்தி, இறங்கி, மரத்துக்குப் பின்னால் போய் வருவார். நாற்பது பேர் ஜன்னல் வழியாக அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து தீகா என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கிழவி கூடையோடு தினமும் அந்த மரத்தடியில் நின்று ஏறிக்கொள்ள ஆரம்பித்தாள். அங்கே பஸ் ஸ்டாப் கிடையாது. மாமாவின் மூத்திரப்பைதான் ஸ்டாப். கடைசியில் ஒரு பள்ளி ஆசிரியர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். கோபமான கடிதம் இல்லை. இந்த மூன்று நிறுத்தங்களையும் தயவுசெய்து கால அட்டவணையில் சேர்க்கவும் என்று கேட்டிருந்தார்.

கம்பெனி ஒரு வாரம் கொடுத்தது. உடம்பு ஒழுங்காக இருக்கிறது என்று டாக்டர் கடிதம் வந்தால் ஸ்டியரிங். வராவிட்டால் பஸ் கழுவும் பகுதி. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து பஸ் ஓட்டியதில்லை.

"ஸ்டியரிங் இல்லாம நான் என்னா செய்வேன் மச்சான்? இந்தக் கை ரெண்டையும் எங்க வைப்பேன்?" என்று கேட்டார் மாமா. இருபத்தோரு வருடம் ஓட்டியவர்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் நாச்சியப்பனிடம் கூட்டிக்கொண்டு போனேன். படிக்கிற காலத்தில் அவருடைய கிளினிக்கில்தான் எனக்குப் பயிற்சி. நான் படிப்பை விட்டதற்கு என்னைவிட அவருக்குத்தான் அதிக வருத்தம். அதனால் என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தே பேசினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"தண்ணியா, பார்லியா டாக்டர்?"

"ரெண்டும்."

மாமா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கையும் முடிந்தபோது டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

பழைய பஸ்களில் இஞ்சின் முன்னால், டிரைவரின் இடது முழங்காலுக்கு அருகில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அந்தச் சூடு உடம்புக்குள் இறங்கிவிடும், அதை மூத்திரத்தோடு வெளியேற்றாவிட்டால் நீர்க்கடுப்பு வரும், பிறகு ஆண்மை போகும் என்று டிரைவர்கள் எல்லோரும் நம்பினார்கள். மருந்து பார்லித் தண்ணீர். அக்கா தினமும் விடியலில் ஒரு பானை காய்ச்சி நான்கு போத்தலில் ஊற்றிக் கொடுப்பாள். அது போக இரண்டு ஊர் பஸ் நிலையத்திலும் ஐஸ் பார்லி. எல்லாம் சேர்த்து ஏழு லிட்டர். மற்ற டிரைவர்களும் குடித்தார்கள். மாமா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

டாக்டர் ஒரு காகிதத்தில் சிறுநீரகத்தை வரைந்து விளக்கினார். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் உப்பு ஏறும். மூளைக்கு அடியில் ஓரிடம் அதை மோப்பம் பிடித்து, ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது சிறுநீரகத்துக்குப் போனதும், சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் திருப்பி உறிஞ்சிக்கொள்ளும். மூத்திரம் கொஞ்சமாக, கெட்டியாக, மஞ்சளாக வரும். தண்ணீர் அதிகமானால் ஹார்மோன் நின்றுபோகும். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே ஓடும். மூளை செய்தி அனுப்பாமல் இருந்தாலும் ஓடும். செய்தி வந்தும் சிறுநீரகம் காதில் போட்டுக்கொள்ளாவிட்டாலும் ஓடும். எதுவுமே கெடாமல் ஒரு மனிதன் பானை பானையாகக் குடித்தாலும் ஓடும்.

"இதுல இவரு எது?" என்று கேட்டேன்.

"தண்ணிய நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும். எட்டு மணி நேரம்."

பெரிய ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டில் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். டாக்டர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். பிறகு உயரமான ஒரு கண்ணாடிக் குழாய், அடியில் ஈயக் குண்டு வைத்த ஒரு மிதவை, எடை பார்க்கும் இயந்திரம் மூன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார். மிதவையை வெறும் தண்ணீரில் விட்டால் ஆயிரம் காட்டும். மூத்திரம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மேலே எழும்பி நிற்கும். காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது. மணிக்கொரு தடவை மூத்திரம், எடை. இரண்டு கிலோ குறைந்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆயிரத்து இருபதைத் தாண்டினால் உடம்பில் கோளாறு இல்லை. கடைசி மாதிரியை ஐஸில் வைத்து அவரிடம் கொண்டுபோக வேண்டும். அவரும் ஒருமுறை பார்ப்பார்.

கம்பெனி ஒத்துக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. தம்புசாமி கூடவே இருந்து பார்த்து, மூன்று மணிக்குக் கம்பெனியின் பாரத்தில், அதாவது படிவத்தில், கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் வந்ததும் முதல் வேலையாகக் கொல்லைப்புறக் கழிவறையைச் சோதித்தார். பலகைச் சுவர், மேலே ஒரு சாண் இடைவெளி விட்ட கதவு, உள்ளே ஒரு வாளித் தண்ணீர். அக்காவிடம் சலவைத் தூள் வாங்கி அந்த வாளியில் இரண்டு கை போட்டுக் கலக்கினார்.

"என்னா அண்ணே இது? மனுஷன் கக்கூஸ் தண்ணியக் குடிப்பானா?" என்றார் சின்னையா.

"தாகம் வந்தா எதையும் குடிப்பான். இருபத்தஞ்சு வருஷமா டிரைவருங்கள பாக்குறவன்லா நான்."

பிறகு கூடத்தில், பின்வாசல் வரை நேராகத் தெரிகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமா முதல் மாதிரியைக் கொடுத்தார். முக்கால் போத்தல். மிதவை 1002 காட்டியது. குழாய்த் தண்ணீருக்கும் அதற்கும் வாடையில்தான் வித்தியாசம். மாமாவின் எடை எழுபத்தெட்டு கிலோ.

"நானும் பதினோரு வருஷம் பஸ் ஓட்டுனவன்தான் வேலு," என்றார் தம்புசாமி. "ஒரு நாள் நிறுத்தியிருக்கேனா? கேட்டுப் பாரு. இதெல்லாம் கிட்னி இல்ல. கண்ட்ரோல். மனசுல கண்ட்ரோல் இருந்தா மூத்திரம் நம்ம பேச்சக் கேக்கும்."

"சரிங்கண்ணே," என்றார் மாமா. நாக்கு அதற்குள்ளேயே உதட்டைத் தேட ஆரம்பித்துவிட்டது.

"இன்னைக்கு பாரு. மூணு மணி வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழும்ப மாட்டேன். நீ எப்படிப் போற, நான் எப்படி உக்காந்திருக்கேன்னு பாத்துக் கத்துக்க."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய கை, காலியான கிளாஸைப் பார்த்தால் சும்மா இருக்காது. கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷனுக்கு ஊற்றி ஊற்றிப் பழகிய கை. அன்று அவருக்கு ஊற்றக்கூடாது என்று சொன்னதும் அது வேறு கிளாஸைத் தேடியது. சின்னையா விவரமானவர், தன் கிளாஸைக் கால்வாசி குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டார். தம்புசாமி மிச்சம் வைக்க மாட்டார். ஒரு வீட்டில் பெண்கள் கொடுப்பதை மிச்சம் வைத்தால் அவமரியாதை என்று நினைக்கிற ஆள். அவர் காலி செய்வார், அக்கா நிரப்புவாள். எட்டு மணிக்குள் இரண்டு தேத்தண்ணி. ஒன்பதுக்குள் ஒரு கோப்பி. பிறகு சிவப்பு சிரப், ஐஸ் போட்டு.

எட்டு மணிக்கு 1003. ஒன்பதுக்கு 1005. பத்துக்கு 1007.

மாமா கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். பல் விளக்கவில்லை, கொப்பளித்துக்கொள்ளட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். முகம் கழுவட்டுமா என்றார். கூடவே போய் நின்றேன். கையில் அள்ளிய தண்ணீரை முகத்துக்குக் கொண்டுபோகிற வழியில் ஒரு கணம் நின்று யோசித்தார்.

"மாமா."

"சும்மா பாத்தேன்லா."

பத்தரைக்கு இன்னொரு யோசனை வந்தது. "மச்சான், கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன். சாமி கும்பிட்டா நம்பரு ஏறும்."

"தீர்த்தம் குடுப்பாங்க."

"அது சாமி தண்ணிடா."

"கிட்னிக்கு அது தெரியாது."

என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். உதடு ஒட்டிக்கொண்டதால் பாதிதான் வெளியே வந்தது. எடை எழுநூறு கிராம் குறைந்திருந்தது. தலை சுற்றவில்லை என்று சத்தியம் செய்தார்.

பதினோரு மணிக்கு 1010. சின்னையா காகிதப் பையைத் திறந்தார். "அண்ணே, ஞாயித்துக்கெழம. ஒரு கிளாஸ்?"

"டூட்டி," என்றார் தம்புசாமி.

"உக்காந்திருக்கறது டூட்டி. குடிக்கறது டூட்டி இல்லையே."

தம்புசாமி இதைச் சற்று நேரம் யோசித்தார். பிறகு கிளாஸை நீட்டினார்.

சாராயம், பீர், ஸ்டவுட் எதுவாக இருந்தாலும் மூளைக்கு அடியில் இருக்கிற அந்த ஹார்மோனை அடைத்துவிடும். தண்ணீரைப் பிடித்து வை என்று சொல்வதற்கு ஆள் இருக்காது. ஒரு போத்தல் உள்ளே போனால் ஒன்றரைப் போத்தல் வெளியே வரப் பார்க்கும். நான் ஒன்றரை வருடத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டவற்றில் இதுவும் ஒன்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மிதவை 1013 காட்டியது. அதைக் குறித்துக்கொள்ளத் தம்புசாமி தன் ஃபைலைத் திறந்தார். மின்விசிறிக் காற்றில் ஒரு தாள் பறந்து என் காலடியில் விழுந்தது. மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய பாரம். முடிவு என்ற கட்டத்தில் பென்சிலால் ஏற்கெனவே எழுதியிருந்தது: தேறவில்லை, பஸ் கழுவும் பகுதி. தேதிகூடப் போட்டிருந்தார்.

எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சின்னையாவுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்தேன். சின்னையா படித்தார். அடுத்த போத்தலைத் திறந்தார்.

"அண்ணே, கிளாஸ் காலியா இருக்கு."

ஒரு மணிக்கு 1015. மணிக்கு மணி அக்கா சமையலறை வாசலில் வந்து நின்று எவ்வளவு என்று கேட்பாள். நான் சொல்வேன். அவள் உதட்டுக்குள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டுவிட்டு உள்ளே போவாள். இந்தத் தடவை கணக்கு முடிந்த பிறகும் அங்கேயே நின்றாள்.

அவள் பயந்ததில் தப்பில்லை. ஆனால் எண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறிய சிறுநீரகம் உறிஞ்சுவதையே மறந்துபோயிருக்கும். ஞாபகம் வர நேரம் எடுக்கும். இதை அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தூக்கத்தில் கண் சொருகியது. சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு மாமா கழிவறையிலிருந்து வந்து போத்தலைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, எடை பார்க்க வந்து நின்றார். எழுபத்தாறு கிலோ எண்ணூறு. பிறகு அக்கா போத்தலைத் தட்டில் வைத்து என்னிடம் கொண்டுவந்தாள். என்னை நேராகப் பார்க்கவில்லை.

மூத்திரம் கறுப்பாக இருந்தது. குழாயில் ஊற்றி மிதவையை விட்டேன். அது உள்ளே இறங்கவே மறுத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. 1048. உயிரோடு இருக்கிற எந்த மனிதனின் சிறுநீரகமும் அந்த எண்ணைத் தொடாது. குனிந்து முகர்ந்தேன். வறுத்த கோப்பி.

"எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே தம்புசாமி நாற்காலியிலிருந்தபடி முன்னால் சாய்ந்தார். சாய்ந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

முழங்கையால் தட்டினேன். குழாய் சாய்ந்தது. மிதவையைக் கையில் பிடித்துக்கொண்டேன். மற்றதெல்லாம் அவருடைய இடது ஷூவுக்குள் போனது.

"ஏய்! என்னாலா இது! கண்ணு தெரியலயா?"

"மன்னிச்சுக்குங்க அங்கிள். நைட் ஷிஃப்ட். கை நடுங்குது."

"படிப்ப பாதியில வுட்டவன்கிட்ட குடுத்தா இப்படித்தான்," என்றார். அதில் நியாயம் இருந்தது. தன் தாளில் எழுதினார்: இரண்டு மணி, சிந்திவிட்டது. "அப்ப மூணு மணி ஒண்ணுதான். அதுல வரலன்னா முடிஞ்சிச்சு."

மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. தரையைத் துடைக்கத் துணி வேண்டும் என்று சொல்லிச் சமையலறைக்குப் போனேன். அக்கா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

"எவ்வளவு ஊத்துன?"

"என்னத்த?"

"அக்கா."

"கொஞ்சந்தான்டா. ஒரு கரண்டி."

"சீனி போட்ட கோப்பியா?"

"சீனி இல்லாம எவன்டா இந்த வீட்ல கோப்பி குடிக்கிறான்?" முதுகு குலுங்கியது. "பதினஞ்சுலயே நிக்குது. இன்னும் ஒரு மணி நேரத்துல இருபது எப்படி வரும்? கலர் இருந்தா போதும்னு நெனச்சேன்."

"கலர பாக்க மாட்டாங்க. கெட்டியா இருக்கான்னு பாப்பாங்க. நீ சீனித் தண்ணிய ஊத்துன. இத டாக்டர் பாத்திருந்தா மாமா பஸ்ஸும் ஓட்ட முடியாது, கழுவவும் முடியாது. மூஞ்சிலயே தூக்கிப் போட்டிருப்பாரு."

"இப்ப என்னாடா செய்றது?"

"ஒண்ணும் செய்யாத. அதுதான் செய்ய வேண்டியது. அந்தக் கோப்பிய வேணும்னா இன்ஸ்பெக்டருக்கு ஊத்து."

அவள் சீரியஸாக எடுத்துக்கொண்டாள். பெரிய கிளாஸாகப் பார்த்து ஊற்றிக்கொண்டு போனாள்.

இரண்டரை மணிக்குத் தம்புசாமியின் இடது ஷூவைச் சுற்றி எறும்புகள் கூடின. அவர் காலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முழு வரிசை சுவரிலிருந்து இறங்கி அவர் காலுறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"வேலுவுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கா? எறும்பு மொய்க்குது?"

சின்னையாதான் குனிந்து பார்த்தார். கோப்பி விவகாரம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் யூனியன் ஆள்.

"ஸ்டவுட் சிந்தியிருக்கீங்கண்ணே. நீங்க மூணாவது போத்தல்ல இருக்கீங்க."

தம்புசாமி மறுக்கவில்லை. அவருக்கு வேறு கவலை வந்திருந்தது. ஒரு காலை இன்னொரு கால்மேல் போட்டார். மாற்றிப் போட்டார். பிறகு இரண்டையும் இறுக்கிச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, சுவரில் இருந்த முருகனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. காலையிலிருந்து ஓயாமல் பேசிய மனிதர் ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டார்.

"அங்கிள், போறதுன்னா போயிட்டு வாங்க," என்றேன்.

"எதுக்கு?"

"இல்ல, சும்மா."

"நான் எழும்ப மாட்டேன்னு சொன்னேன்ல?"

சின்னையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு குழந்தையின் முகம் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. நாற்காலியைத் தம்புசாமி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"போன மழைக்கு கிள்ளான் ஆறு வந்திச்சு பாருங்க, எப்படி ஒடச்சிக்கிட்டு..."

"ஆத்தப் பத்திப் பேசாத."

"சரி. நம்ம டிப்போல பஸ் கழுவுற பைப்பு இருக்கே, அத முழுசா தொறந்து வுட்டா..."

"வாய மூடுலா."

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாமா போத்தலை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் தாண்டினார். போத்தலை நானே கழிவறை வாசலில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, குழாயையும் மிதவையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சமையலறைப் பக்கம் அது இனி போகப் போவதில்லை. கதவு சாத்திக்கொண்டது.

மூன்று மணி. மூன்று மணி ஐந்து.

"மாமா?"

"வர மாட்டேங்குது மச்சான்." குரல் காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. "நாள் முழுக்க நிறுத்தச் சொன்னா நிக்காது. இப்ப வாடான்னா வரல."

எனக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. வரவில்லை என்றால் உடம்பு பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். மூளை செய்தி அனுப்பியிருக்கிறது, சிறுநீரகம் கேட்டிருக்கிறது. "அவசரப்படாதீங்க. ரெண்டு விரல் அளவு போதும்."

கூடத்தில் நாற்காலி கீழே விழுகிற சத்தம். தம்புசாமி பின்வாசலில் தோன்றினார். நடை சின்னச் சின்ன அடியாக இருந்தது. ஃபைலை முன்பக்கம் கேடயமாகப் பிடித்திருந்தார். பின்னால் சின்னையா.

"ஆச்சா?"

"இன்னும் இல்லங்க."

"வெளிய வரச் சொல்லு. அப்புறமா போகட்டும்."

"மாதிரி எடுக்காம வந்தா சோதனை கெட்டுடும் அங்கிள். உங்க பாரத்துலயே இருக்கு, மூணு மணி மாதிரின்னு."

தம்புசாமி கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். வலப்பக்கம் நல்லம்மாள் வீட்டில் மறுநாள் நிச்சயதார்த்தம். வேலிக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டு, பதினைந்து பெண்கள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கம் சுவர். வேறு வழி இல்லை.

"வேலு," என்றார், கதவில் நெற்றியை வைத்து. "ஐயா. வேலு."

"வருதுண்ணே. சொட்டுச் சொட்டா வருது."

"சொட்டுன்னு சொல்லாதய்யா!"

கத்தரிக்காய்ப் பக்கம் யாரோ சிரித்தார்கள். கதவுக்கு மேலிருந்த இடைவெளியில் மாமாவின் கை வந்தது. கையில் போத்தல். அடியில் இரண்டு விரல் உயரம். கெட்டியான, நல்ல மஞ்சள். முகர்ந்து பார்த்தேன். கோப்பி இல்லை. மூத்திரம், வேறொன்றும் இல்லை. துணி துவைக்கிற கல்லின்மேல் குழாயை வைத்து ஊற்றி மிதவையை விட்டேன். அது ஆடி, சுற்றி, நின்றது.

1023.

இருமுறை பார்த்தேன். சின்னையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு குழாயைத் தூக்கித் தம்புசாமியின் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"ஆயிரத்து இருபத்து மூணு. பாத்துக்குங்க."

"பாத்தேன். தொறக்கச் சொல்லு."

"மாமா, பாஸ்!" என்று கத்தினேன்.

உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம். உடம்பில் தண்ணீர் இல்லாத மனிதன் அழுதால் எப்படி இருக்குமோ அப்படி.

"வேலு, தொறய்யா!"

"ஒரு நிமிசம்ணே," என்றார் மாமா. குரலில் ஏதோ மாறியிருந்தது. "டாக்டர் முழுசா காலி பண்ணச் சொல்லியிருக்காரு. கொஞ்சம் உக்காந்து பாக்குறேன்."

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் திருத்தவில்லை. சின்னையா தம்புசாமியின் கையிலிருந்த ஃபைலை மெதுவாக உருவி, பாரத்தை எடுத்து, கதவின்மேல் வைத்துப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, அவர் முடிக்கறதுக்குள்ள நம்ம வேலைய முடிச்சிடுவோம். இங்க பென்சில்ல ஏதோ எழுதியிருக்கு. அழிச்சிடுங்க."

"ரப்பர் இல்ல."

"எச்சி இருக்கே."

தம்புசாமி கட்டை விரலை நக்கித் தேய்த்தார். ஒரு காலில் நின்றபடி, பிறகு இன்னொரு காலில் நின்றபடி தேய்த்தார். பஸ் கழுவும் பகுதி சாம்பல் நிறமாகி, கரைந்து, தாளே மெலிந்துபோனது. அதன்மேல் மையால் எழுதினார்: தேறினார். எக்ஸ்பிரஸ் ஓட்டலாம். கீழே கையெழுத்து. வழக்கமாக அவர் கையெழுத்துக்கு வாலில் மூன்று சுழி இருக்கும். அன்று ஒரு சுழியும் இல்லை, நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடுதான்.

"போட்டாச்சு வேலு," என்றார் சின்னையா. "மை காயுது."

"என்னான்னு போட்டிருக்கு?"

"எக்ஸ்பிரஸ்."

தாழ்ப்பாள் விலகியது. மாமா மெதுவாகக் கதவைத் திறந்து, அதைவிட மெதுவாக வெளியே வந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"வாங்கண்ணே," என்றார். "கண்ட்ரோலா போங்க. உள்ள வாளியில சவுக்காரத் தண்ணி, வழுக்கும்."

தம்புசாமி அவரைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.